வாளை இல்லை, வால்-ஐ

என் நண்பன் கனடாவுக்குக் குடிபோய் இரண்டாவது குளிர்காலம் முடிகிற சமயம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்தவன், நலம் விசாரிக்கும் முன்பே சொன்னான்.

"மாப்ள, அக்டோபர்ல லீவு போட்டுட்டு இங்க வந்துரு. மீன் பிடிக்கப் போவோம்."

அவனுக்கு அது விடிகாலை. ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் காலிங் கார்டு போட்டு என்னைக் கூப்பிடுவான். துபாயில் எனக்கு ஜும்மா தொழுகை முடிந்து, எங்கள் கராமா பேட்டை முழுக்கப் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கும் நேரம். எங்கள் அறையிலும் எல்லோரும் போர்வைக்குள் இருப்பார்கள். அவர்களை எழுப்ப வேண்டாமென்று நான் வெளியே வந்து, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவேன்.

"என்ன மீன்?" என்றேன்.

"வால்-ஐ."

"வாளையா? அதுக்கா அவ்வளவு தூரம் வரணும்? இங்க மார்க்கெட்ல கிடக்கே."

"வாளை இல்ல மாப்ள, வால்-ஐ. செவுத்துக் கண்ணு. கண்ணு வெள்ளையா இருக்குமாம், லைட் பட்டா பூனைக்கண்ணு மாதிரி மின்னுமாம். எலையெல்லாம் உதிர்ற நேரத்துல, தண்ணி குளிர ஆரம்பிச்சதும், பெருசு பெருசா கரைப்பக்கம் வருமாம். எங்க கிடங்குல ஒரு வெள்ளைக்காரன் எப்பவும் இதே பேச்சுதான். ஏரின்னா சும்மா ஏரி இல்ல, அக்கரை தெரியாது. நம்ம கீழக்கரைல நின்னா எப்படியோ அப்படி."

நம்ம கீழக்கரை என்றாலும் அது அவன் ஊர்தான். என் ஊர் விருதுநகர்ப் பக்கம். மீன் என்பது எனக்குச் சைக்கிள் கூடையில் ஐஸ் சொட்ட வந்து சேரும் ஒன்று. அவனாவது கடலைப் பார்த்து வளர்ந்தவன் என்று பார்த்தால், அவன் வாப்பா துணிக்கடைக்காரர். கால் நனைத்ததைத் தவிர அவனும் கடலில் எதுவும் செய்ததில்லை. தூண்டிலைத் தொட்டே பார்த்திராத இரண்டு பேர், உலகத்தின் இரண்டு மூலைகளில் இருந்துகொண்டு அன்று அக்டோபரை முடிவு செய்தோம்.

அதற்கு நான்கைந்து வருடங்கள் முன்பு நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவன் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் கணக்கு எழுதினான். நான் அல் குசைஸில் ஒரு கன்சல்டன்ட் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. நடுவில் குடும்பத்தை அழைத்து வந்து தனி வீடு எடுத்தேன். வாடகை ஏறிக்கொண்டே போனபோது மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, பழைய அறைக்கே திரும்பி வந்தேன். அதற்குள் அவன் கனடா பேப்பர் வந்து கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் காலி செய்த கட்டில்தான் எனக்குக் கிடைத்தது. புதிய ஆட்கள் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோருக்கும் வேறு வேறு டூட்டி நேரம். ஒருவன் வரும்போது இன்னொருவன் போவான். வாரக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் தூங்கும்போது மட்டுமே பார்த்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஏரியைப் பற்றி இணையத்தில் படித்தேன். ஏரியின் ஆழத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று கிடைத்தது. மங்கலாக இருந்தது. வரைவது என் தொழில் இல்லையா, சாயங்காலங்களில் உட்கார்ந்து அதன் மேல் கோடு கோடாகப் புதிதாக வரைந்தேன். இருபது அடி, முப்பது அடி, நாற்பது அடி என்று ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு நிறம். முடிந்ததும் வரைபடம் அச்சிடும் பெரிய பிளாட்டரில் போட்டேன். தாள் நீண்டு வந்துகொண்டிருந்தபோது எங்கள் எகிப்திய இன்ஜினியர் பின்னால் வந்து நின்றார்.

"இது எந்தத் தீவு? எந்த டெவலப்பர்?" என்று கேட்டார். கடலை நிரப்பித் தீவு செய்துகொண்டிருந்த காலம். அவர் கேட்டதில் தப்பில்லை.

"தீவு இல்லை சார், ஏரி. கனடாவில்."

"யார் வெட்டுகிறார்கள்?"

"யாரும் வெட்டவில்லை. அதுவாக இருக்கிறது."

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாளை நான் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலை ஒட்டிய சுவரில் ஒட்டினேன்.

தேராவில் ஒரு தூண்டில் கம்பும் ரீலும் வாங்கினேன். வீசிப் பழக வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். கடற்கரைக்குப் போகக் கூச்சம். அங்கே நன்றாக வீசத் தெரிந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். அதனால் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த வெற்று மணல் பிளாட்டுக்குப் போனேன். தூண்டில் முள் இல்லாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசினேன். முதல் நாள் அது என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. சில வாரங்களில் நான் நினைத்த இடத்துக்குப் பக்கத்திலாவது விழ ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டட வேலைக்குக் காவல் இருந்த பெஷாவர்க்காரர் தினமும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"பாய், யஹான் மச்லி மாஃபி," என்றார் மெதுவாக, மனம் புண்படாதபடி. இங்கே மீன் கிடையாது என்கிறார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். கனடா, ஏரி, அக்டோபர், நண்பன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அச்சா" என்றார். மறுநாளிலிருந்து குண்டு விழும் இடத்தில் ஒரு காலி பெயின்ட் டப்பாவை வைத்தார். அதில் விழுந்தால் தூரத்திலிருந்தே கையைத் தூக்குவார். அந்த ஊரில் என்னை ஒருவர் எதிர்பார்த்திருந்தது அந்த மாலைகளில்தான்.

மனைவியிடம் போனில் சொன்னேன்.

"ஒரு மாச லீவுல பத்து நாள் அங்கயா?"

"ஆமா."

"அப்ப அது எங்க கணக்குல இருந்துதான கழியுது."

பிறகு அவளே சொன்னாள். "போயிட்டு வாங்க. நீங்க ஒண்ணுக்கு ஆசைப்பட்டு நான் கேட்டு ரொம்ப நாளாச்சு. பாப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க. அவ அக்டோபர் ஒண்ணாந்தேதியில இருந்து உங்கள எண்ணிட்டு இருப்பா."

ஆகஸ்டில், வெளியே கால் வைத்தால் செருப்பு ஒட்டுகிற வெயிலில், சத்வாவுக்குப் போய்க் குளிர்ச் சட்டை ஒன்று வாங்கினேன். கை நீளமாக இருந்ததால் அங்கேயே ஒரு தையல் கடையில் வெட்டித் தைத்துக்கொண்டேன். அறையில் யாரும் இல்லாத ஒரு மதியம் ஏசியைக் கடைசி வரை குறைத்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அறைத்தோழன் கதவைத் திறந்ததும் பயந்துபோய், "என்னண்ணே, காய்ச்சலா?" என்றான். ஆமாம் என்றேன். பாவம், அவன் கடைக்கு ஓடிப்போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். வேறு வழியில்லாமல் விழுங்கினேன்.

செப்டம்பரில் விசா மறுக்கப்பட்டது.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த டிராவல்ஸ் ஆளிடம் போனேன். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். கூட வந்த தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்ல சார்."

"வேலை இங்கதானே இருக்கு?"

"வேலை இருக்கு. வைஃப் இங்க இல்ல, குழந்தை இங்க இல்ல, வீடு இங்க இல்ல. பெட் ஸ்பேஸ், வாடகைக்கு ஒரு கட்டில். உங்கள இழுத்துப் பிடிக்க இந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேக்கறாங்க."

"ஊர்ல குடும்பம் இருக்கே."

"ஊர்ல நீங்க இல்லியே சார். எத்தன வருஷமாச்சு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் அதைக் குடித்துவிட்டு, பஸ்ஸில் ஏறாமல் அறை வரைக்கும் நடந்தே போனேன். வழியெல்லாம் அவர் கேட்டதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டே போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பனிடம் சொன்னேன்.

"நான் படகு சொல்லி வச்சிட்டேனே மாப்ள," என்றான். "கேன்சல் பண்ணிடவா?"

"வேணாம். நீ போ."

"தனியாவா? எனக்கு என்ன தெரியும்?"

"வீட்ல யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

"யாரைக் கூப்பிட? வீட்டுக்காரிக்கு அன்னைக்கு டூட்டி. புள்ளைங்க ரெண்டும் இப்ப என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுதுங்க. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள ரூமுக்குள்ள போயிருதுங்க. நான் வீட்டுக்கு வரும்போது எல்லாரும் கிளம்பிட்டு இருப்பாங்க. நான் கிளம்பும்போது எல்லாரும் டிவி முன்னாடி. உன்கூடத்தான் போலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட மேப் இருக்கு. நீ படகுல ஏறிட்டுப் போன் பண்ணு. நான் வழி சொல்றேன்," என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அக்டோபரில் அந்த வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடிகிற நேரத்தில், போன் வந்தது.

நான் சுவரிலிருந்து வரைபடத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய் விரித்தேன். அது நான்கு படிகளில் மடங்கிக் கிடந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். மோட்டாரை ஓட்டப் படகுக்காரன் சொல்லிக் கொடுத்தானாம். கரை மரங்களெல்லாம் சிவப்பாம். தண்ணீர் கறுப்பாம். வாயிலிருந்து புகை வருகிறதாம்.

"இடது கைப் பக்கம் நிலம் ஒரு மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கா?"

"இருக்கு. மேல ஒரு வெள்ளை வீடு."

"வீடு என் மேப்ல இல்ல. அந்த மூக்கைத் தாண்டு. தாண்டின உடனே ஆழம் சட்டுன்னு இறங்குது. இருபதுல இருந்து நாப்பது. அந்த விளிம்புல நிறுத்து."

"விளிம்பு எனக்கு எப்படிப்பா தெரியும்? எல்லாம் தண்ணி."

"குண்டை விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தான். நூல் போய்க்கொண்டே இருக்கிறது என்றான். கொஞ்சம் கரைப்பக்கம் வரச் சொன்னேன். இப்போது சீக்கிரம் தட்டியது என்றான். என் விரல் நாற்பதடிக் கோட்டிலிருந்து முப்பதடிக் கோட்டுக்கு நகர்ந்தது. மூன்றாம் மாடிக்குப் போன ஒரு பிலிப்பினோ பெண் வரைபடத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஏறிப் போனாள்.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. பேசினால் மீன் ஓடிவிடும் என்று அவன் நினைத்தான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் காதில் கேட்டது. ஏதோ ஒரு பறவை. அவன் மூக்கை உறிஞ்சுவது. இத்தனை வருடங்களில் ஒரே அறையில் படுத்திருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை என்று தோன்றியது. அவன் இங்கே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

"மாப்ள," என்றான் திடீரென்று, குரல் உடைந்து. "இழுக்குதுடா."

"சுத்து! ரீலைச் சுத்து!"

"கம்பு வளையுது. யா அல்லாஹ், பெருசா இருக்கு."

"விடாத. கம்பைத் தூக்கிப் பிடி."

அப்போது காலிங் கார்டு பெண்குரல் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தது. ஒரு நிமிடம்தான் மிச்சம் என்றது. அவன் என்னவோ கத்தினான், சிரித்தான், தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

நான் என் மொபைலிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. வரைபடத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த தொழுகைக்கு ஆட்கள் இறங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அறைக்குள் போனால், எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்த அறைத்தோழன், "என்னண்ணே, ஊர்ல எதுவும் விசேஷமா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். யாரிடம், எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமைதான் விவரம் தெரிந்தது. மீன் படகு ஓரம் வரை வந்திருக்கிறது. முழங்கை நீளம், பொன்னிறம். கண்ணைப் பார்த்திருக்கிறான். "நிஜமாவே மின்னுச்சு மாப்ள. என்னைப் பார்த்துச்சு." வலை எடுக்கத் திரும்பியபோது படகு ஆடி, போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. மீனும் முள்ளிலிருந்து கழன்று போய்விட்டது. அதற்குமேல் தனியாக இருக்கப் பிடிக்காமல் கரைக்கு வந்துவிட்டான். வீட்டில் சொன்னபோது மகன் இயர்போனை எடுத்துவிட்டு, "How big?" என்று கேட்டானாம். இவன் கையை விரித்துக் காட்டினானாம். "அவ்வளவு நேரம் அவன் என் மூஞ்சியப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றான்.

நான் அந்த மாதமே ஊருக்குப் போனேன், லீவு முழுவதும். மகள் என் தோள் வரை வளர்ந்திருந்தாள். முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள். பிறகு ஒரு சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மின்னுகிற கண்ணுள்ள மீன் உண்டாமே, அம்மா சொன்னாள், உண்மையா என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க பாத்தீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன்.

நான் துபாய் திரும்பிய பிறகும் நண்பன் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் மகனின் படிப்பு, என் கம்பெனியில் ஆள் குறைப்பது, யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று பேசினோம். அடுத்த அக்டோபர் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுவருடம் வேலைக்காக அவன் மேற்கே வேறொரு ஊருக்கு மாறிப் போனான். அங்கே பகல் ஷிப்ட். நான் வேலையில் இருக்கும் நேரத்திலும் வெள்ளிக்கிழமை மதியத்திலும் அவன் தூங்கினான், அவன் வேலை முடித்து வரும் நேரத்தில் நான் தூங்கினேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் மற்றவர்களைப் போல நானும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளப் பழகினேன்.