கண்ணீர் வராத அழுகை

என் தம்பி வீடும் என் வீடும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லைனில், ஒரே பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்தன. அந்தப் பக்கம் பாப்பா தும்மினால் இந்தப் பக்கம் என் மகள், "அத்தை, பாப்பாவுக்குச் சளி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். என் மகள் அப்போது பாலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் பிள்ளை பாப்பா தவழ ஆரம்பித்திருந்தாள். கீழ் ஈறில் ஒரே ஒரு பல். அதைக் காட்டுவதற்காகவே சிரிப்பாள் போல இருக்கும்.

கோலாலம்பூருக்கு வடக்கே மலைமேல், கோலா தெர்லாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தம்பி கொழுந்து லோரி ஓட்டினான். தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் விற்கும் கடையில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நான் வீடு திரும்பும்வரை என் மகளைப் பார்த்துக்கொண்டது தம்பி மனைவிதான். ரிங்லெட்டில் பிறந்தவள். என்னை அண்ணி என்பாள், நான் அவளைப் புள்ள என்பேன். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை பாப்பா. என் மகளுக்கும் தன் கையாலேயே சோறு ஊட்டுவாள். "ரெண்டு வாய்க்கும் ஒரே தட்டு அண்ணி, கழுவுற வேல மிச்சம்லா" என்று சிரிப்பாள்.

வருஷக் கடைசியில் பாலர் பள்ளியில் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். என் மகள் ரோஜாப்பூ வேஷம் போட்டு ஆடினாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒரு பிள்ளை மேடைப் படியிலேயே வாந்தி எடுத்தது. டீச்சர் ஓடிவந்து துடைத்தார். "பயந்துருச்சு பாவம்" என்று நாங்களெல்லாம் சிரித்தோம். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து மீகூன் நூடுல்ஸும் சிரப் தண்ணியும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி. பள்ளி விடுமுறை ஆரம்பித்துவிட்ட சமயம். மலைக்கு வண்டி வண்டியாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடையில் லீவு கேட்கவே முடியாது. தம்பி மனைவி, "நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன். பிள்ளைங்க வாந்தி எடுக்காம வளருமா" என்றாள். அவள்தான் என் மகளின் சட்டையை அலசினாள், தரையைத் துடைத்தாள், வாயைக் கழுவிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மழை. எங்களுக்குத் தண்ணீர் மேலே மலையோடையிலிருந்து குழாயில் வரும். மழை வலுத்தால் மண் அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்தால் மைலோ நிறத்தில் நூல் மாதிரி ஒழுகும். பிடித்து வைத்த வாளித் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டோம். கைக்குக் கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசர் இருந்தது. தம்பி மனைவி ஒவ்வொரு முறையும் அதைக் கை நிறையப் பூசிக்கொண்டுதான் பாப்பாவைத் தூக்கினாள். நான் பார்த்திருக்கிறேன். அவள் சுத்தக்காரி.

என் மகள் ஒன்றரை நாளில் எழுந்து உட்கார்ந்து மேகி கேட்டாள். அதற்குள் தம்பி மனைவி படுத்துவிட்டாள். அடுத்து நான். அதற்கடுத்து லைனில் பாதி வீடு. பங்களாதேஷ் ஆட்கள் தங்கியிருந்த கடைசி வீடுகளில் ஒருவர் பின் ஒருவராகக் கக்கூஸுக்கு வரிசையில் நின்றார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டும். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் யாரோ உள்ளே கைவிட்டுப் பிழிவது போல இருக்கும். கக்கூஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி ஓங்கரிப்பாள். உடனே பாப்பா அழுவாள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தா வந்துட்டேன்டி என் தங்கம்" என்பாள்.

பாப்பாவுக்கும் வந்துவிட்டது என்று அந்தக் குரலிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

தோட்டத்து கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் வீடு வீடாக வந்து உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலங்களைக் கொடுத்தார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. பாப்பாவைப் பார்த்து, "ஒண்ணுக்குப் போறாளாம்மா?" என்று கேட்டார்.

"பேம்பர்ஸ் நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கு சார்" என்றாள் தம்பி மனைவி.

"அப்ப நல்லது. ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க. பாலும் குடுங்க. சோர்ந்தா உடனே சொல்லுங்க."

பேம்பர்ஸ் நனைந்தது உண்மைதான். ஆனால் அது சிறுநீர் இல்லை. பாப்பாவுக்குப் போனது தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாமல் போனது. எது எதென்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

தம்பி லோரியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தான். பாப்பாவை மடியில் போட்டு ஸ்பூனால் ஊட்டினான். உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்தது. மறுபடி ஊட்டினான். மறுநாள் காலையில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது பாப்பா அழுதுகொண்டிருந்தாள். வாய் கோணுகிறது, முகம் சுருங்குகிறது, சத்தம் வருகிறது. கன்னத்தில் ஈரமே இல்லை. தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து கிடந்தது. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தம்பி மனைவி என்னைப் பார்த்து, "அப்பாடா, தூங்குறா அண்ணி" என்று மெல்லச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

திரும்பி வந்த டிரஸ்ஸர் பாப்பாவின் உச்சந்தலையைத் தொட்டார். பள்ளமாக இருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டார். அது அப்படியே மடிந்து நின்றது. "கிளம்புங்க, இப்பவே. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம். எதுல போக முடியுமோ அதுல போங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் கெரேத்தாவில், அவருடைய சின்னக் காரில், ஏறினோம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். சாதாரண நாளில் பாட்டு நாலு கேட்பதற்குள் போய்விடலாம். விடுமுறைக் காலத்தில் அந்த ரோடு நகராது. ஸ்ட்ராபெரி தோட்டங்களுக்கு முன்னால் வண்டிகள் இரண்டு பக்கமும் நின்றன. ஜன்னல்களில் பிள்ளைகள் அவித்த சோளம் கடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹார்னுக்குப் பதிலாக அவர்களும் ஹார்ன் அடித்தார்கள். தம்பி இறங்கி வண்டிகளுக்கு முன்னால் ஓடினான். ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, "அனாக் சாக்கிட், தோலோங் தெப்பி, பிள்ளைக்கு முடியல, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று கும்பிட்டான். பலரும் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எங்கே ஒதுங்குவார்கள்?

காய்கறி ஏற்றிப் போன ஒரு சீனர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கூடைகளை ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, தம்பி மனைவியைப் பின்னால் ஏறச் சொன்னார். ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அவள் பாப்பாவைச் சால்வையால் மார்போடு கட்டிக்கொண்டு ஏறினாள். வண்டிகளுக்கு நடுவே அந்த மோட்டார் வளைந்து வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி பின்னாலேயே ஓடினான். அவனுடைய செருப்பு ரோட்டில் கிடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எங்கும் நரம்பு கிடைக்கவில்லை. கையில் பார்த்தார்கள், காலில் பார்த்தார்கள், தலையில் பார்த்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசி இறக்கித் தண்ணீர் ஏற்றினார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தயாராக நின்றது. பாப்பா ஒருமுறை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்ததாகத் தம்பி மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஒரு மலாய் டாக்டர் பெண் வெளியே வந்தாள். சின்ன வயசு. முகக்கவசத்தைக் கழற்றினாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. தம்பி மனைவியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மாஃப், காக்" என்றாள். மன்னிச்சிருங்க அக்கா என்று.

தம்பி மனைவி அழவில்லை. "பால் கட்டிக்கிச்சு அண்ணி" என்றாள். "எழுந்தவுடனே குடிப்பாளேன்னு வச்சிருந்தேன்."

சின்னப் பிள்ளை என்பதால் புதைத்தோம். மழை விடவில்லை. குழியில் ஊறிய தண்ணீரை ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். "தண்ணியில வைக்காதீங்கடா" என்று தம்பி ஒரே ஒருமுறை கேட்டான். கடைசி வீட்டு பங்களாதேஷ் பையன்கள் தாங்கள் படுக்கும் பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து மேலே பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் எழுத முடியுமா என்று தெரியவில்லை. பால் நிற்கவில்லை. சட்டை நனைந்து நனைந்து காயும். மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து மார்பில் கட்டச் சொன்னாள் ஒரு நர்ஸ். எங்கள் பக்கத்தில் கோஸுக்குப் பஞ்சமா? நான் ஒவ்வொரு இலையாக உரித்துக் கொடுத்தேன். அவள் கட்டிக்கொள்வாள். சூட்டில் இலை வதங்கிவிடும், எடுத்துப் போட்டு வேறு வைப்பாள். வீடு முழுக்க அவித்த கோஸ் வாசனை. இன்றுவரை நான் கோஸ் சமைப்பதில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் விசாரித்தார்கள், மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வந்து நோரோவைரஸ் என்றார்கள். அந்தப் பேரை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டோம். வந்தவர்களில் தமிழ் பேசும் ஒரு அம்மா இருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசினார்.

"சானிடைசருக்கு இது சாகாதும்மா. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவணும். தரைக்கு பிளீச் ஊத்தணும்."

"ஓடுற தண்ணி எங்க இருந்துச்சு?" என்றான் தம்பி. கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இது வராம தடுக்க ஊசி கிடையாதாம்மா?" என்று நான் கேட்டேன். இன்னும் வரவில்லை, முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள் என்றார். உலகத்தில் எல்லா நாட்டிலும் இது இருக்கிறது, பணக்கார நாட்டில் கப்பலில், ஹோட்டலில், பள்ளியில் பரவும், அநேகம் பேர் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடுவார்கள் என்றார். "சாகிறது பெரும்பாலும் கைக்குழந்தைங்களும் வயசானவங்களும்தான். அதுலயும் தண்ணியும் ஆஸ்பத்திரியும் தூரமா இருக்கிற ஊர்ல."

தம்பி மனைவி அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா என்னை மாதிரி நெறைய பேர் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்கம்மா."

"அவங்களுக்கெல்லாம் பால் எப்படி நின்னுச்சு?"



பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து, போன விடுமுறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டு, ஹோட்டலில் ஒரு கக்கூஸுக்கு அடித்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சூடான தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் கீழே வெகுநேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

புது வருஷம் பிறந்து கொஞ்ச காலத்தில் தம்பி கிள்ளானில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். போகும்போது தம்பி மனைவி என் மகளைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருமே உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதன் பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, பாப்பாவுக்கு அந்த நோய் என்கிட்டருந்துதான் வந்துச்சா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வரவில்லை. "யாருகிட்டருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதும்மா" என்றேன். அவள் அறைக்குள் போய்விட்டாள். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தம்பி மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அவகிட்ட குடுங்க அண்ணி" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்பிட்டியாடி?"

"இல்ல அத்தை."

"ஏன்? இங்க பாரு. நீ வாந்தி எடுத்தப்ப உன்னத் தூக்குனது நானு. தூக்காம இருந்திருக்கணுமா? அன்னைக்குத் திரும்ப வந்தாலும் நான் தூக்கத்தான் செய்வேன். நீயும் என் பிள்ளதான். புரியுதா?"

"ம்."

"போயிச் சாப்பிடு."

என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. நான் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தேன். தம்பி மனைவி மூச்சுவிடுவது கேட்டது.

"அவ இப்ப எவ்ளோ ஒசரம் அண்ணி?"

"என் தோள் வரைக்கும் வந்துட்டா புள்ள."

"அப்ப பாப்பா இருந்திருந்தா அவ இடுப்புக்கு மேல வந்திருப்பா, இல்ல?"

"வந்திருப்பா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அடுப்படியில் என் மகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.