ஆறு மணி விளக்கு

வெர்னாவும் நானும் பதினாறு வருடமாக மீன் ஆலையில் எதிரெதிரே நின்று காட் மீனுக்கு முள் எடுக்கிறோம். நியூஃபவுண்ட்லாண்டில் எங்கள் கரையோர ஆண்களில் பாதிப்பேரைப் போல அவள் கணவன் லியாண்டரும் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் பறந்து போய்த்தான் சம்பாதிக்கிறான். இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே. அந்த எட்டில் இரண்டு நாள் விமானத்திலேயே போய்விடும்.

வாசலில் ஸ்மார்ட் விளக்கை மாட்டியது அவன்தான். தினமும் மாலை ஆறுக்கு எரியும்; கோடையில் வெயில் காயும்போதும் எரியும். அவனுக்கு அப்போது மதியம் இரண்டரை. வேலைக்கு நடுவிலும் அங்கிருந்தே போனில் ஒரு அமுக்கு அமுக்குகிறான் என்று வெர்னா ஆலை முழுக்கப் பீற்றிக்கொள்வாள். ஆறு அடிக்கும் முன்பே கோட்டை மாட்டிக்கொண்டு, பனி கொட்டினாலும் படியில் போய் நிற்பாள். உன் புருஷன் வீட்டோடு இருப்பவன், உனக்கு அதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்பாள் என்னிடம். எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் விளக்குக் கம்பெனியிடமிருந்து வெர்னாவுக்கு மெயில் வந்தது. கண்ணாடியை ஆலையில் மறந்துவிட்டதால் என்னைப் படிக்கச் சொன்னாள். விளக்குக்குச் சொந்த மூளை கிடையாதாம். போனில் அமுக்கினால் அது கம்பெனியின் கிளவுடுக்குப் போய், அங்கிருந்துதான் வீட்டுக்கு உத்தரவு வருமாம். கிளவுட் என்று பெயர்தான் பெரிது. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள். அந்த வெள்ளிக்கிழமையோடு அவற்றை நிறுத்துகிறார்களாம். அழியப்போவது என்னென்ன என்று கீழே குறித்திருந்தார்கள். நான்பாட்டுக்கு வாசித்துவிட்டேன்: வாசல் விளக்கு, தினமும் மாலை ஆறு, தானாக எரியும், நான்கு வருடத்துக்கு முன் அமைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வெர்னா என் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"தினமும் நீ அமுக்கலையா?"

முதல் மாதம் அமுக்கினானாம். டிசம்பரில் ஒரு நாள் சிக்னல் கிடைக்காமல் போய், இருட்டில் நின்று அழுதேன் என்று அவளே சொன்னாளாம். இனி ஒரு நாளும் தவறக் கூடாதென்று கம்பெனியிடமே நேரத்தைக் கொடுத்துவிட்டானாம்.

"நீ இருட்டுல நிக்கக் கூடாதுன்னுதான் கண்ணு."

அதில் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெர்னாவுக்கு வந்தது.

"இருட்டுலயே நின்னிருப்பேன் லியாண்டர். இன்னிக்கு மறந்துட்டான், நாளைக்கு நினைப்பான்னு நின்னிருப்பேன். நாலு வருஷமா நான் யாரைப் பார்த்து நின்னேன்?"

வேறு கம்பெனி விளக்கு வாங்கிவிடலாம், இந்த முறை நானே தினமும் அமுக்குவேன் என்றான்.

"விளக்கு வேண்டாம். நீ வா."

அவன் கிளம்பிப் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது.