சாப்பாட்டு மேசையில் ஒரு பூட்டு

என் தங்கைக்கு அலுவலகத்தில் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அத்தனை பேருடைய மடிக்கணினிக்கும் காவல் அவள்தான். அலுவலகக் கணினியில் பிள்ளைக்கு விளையாட்டு ஏற்றிக்கொடுக்கிற அப்பா, கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து வீடியோ கூட்டத்தில் பேசுகிற புண்ணியவான் என்று எல்லோரையும் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்தே கட்டி மேய்ப்பாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம். கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்லி யார் கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு, பதிவில் இருக்கிற எண்ணுக்கு அவளே திருப்பிக் கூப்பிடுவாள். விற்பனை மேலாளர் அவசரத்தில் இருந்தபோதும் அதையே செய்தாள். மனிதர் குதிகுதியென்று குதித்துப் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று முதலாளி எச்சரித்திருந்தார்.

அந்த முதலாளியே ஒரு காலையில் கூப்பிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

“என் போன் தண்ணியில விழுந்துருச்சும்மா. வேற ஒருத்தர் போன்ல பேசுறேன். என் கடவுச்சொல்ல உடனே மாத்திக் குடு.”

“சரி சார். வைங்க, உங்க வீட்டு நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுறேன்.”

“நான் வெளியில நிக்கிறேன்மா. யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

‘குடுத்துத் தொலையேன்டி’ என்று நான் சைகை காட்டினேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் வைத்துவிட்டு முதலாளியின் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் மனைவி எடுத்தார்.

“அவரா? குளிச்சிக்கிட்டிருக்காரே.”

“குளிச்சது போதும், உடனே வரச் சொல்லுங்கம்மா” என்றபடியே தங்கை ஒரு கையால் முதலாளியின் கணக்கை முடக்கினாள். யாரோ கணினியை வைத்து அவர் குரலை அப்படியே உண்டாக்கிப் பேசியிருக்கிறார்கள்.

முதலாளி மூச்சு வாங்கப் போனுக்கு வந்து, தங்கை நடந்ததைச் சொன்னதும் கேட்டார்: “என் குரலேவா?”

“குரல் மட்டுமில்ல சார், திட்டும் உங்களுதுதான். நீங்கதான்னே நம்பிட்டேன்.”

“அப்புறம் ஏன் குடுக்கல?”

“நீங்களே கேட்டாலும் அப்படிக் குடுக்கக் கூடாது சார்.”

“இனிமே உன்மேல யாராவது புகார் சொன்னா எங்கிட்ட அனுப்பு” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை போய்விட்டது என்று நம்பிக்கொண்டேதான் அவள் முடியாது என்றிருக்கிறாள்.