மழை மாதத்தில் ஓலை பிரித்தேன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கூலிக்கு உப்பு வாரிய கைதான், இன்று தூத்துக்குடியில் சொந்த உப்பளம் வைத்து நடத்துகிறது. உப்பை விரலில் உருட்டியே தரம் சொல்லுவேன். இந்தக் கரையில் வேறு எவனுக்கு அது வரும்? அப்பேர்ப்பட்ட எனக்கே எழுபது வயதில் மூளை கலங்கியது.

முதலில் காய்ச்சல், வலிப்பு. ஏதோ வைரஸ் மூளைக்குள் போய்விட்டதாம். வாரக்கணக்கில் ஊசி போட்டுக் குணமாக்கி அனுப்பினார்கள். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தேன்.

அடுத்து நடந்தது பிறர் சொல்லித்தான் தெரியும். ஐப்பசி மாதம். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைப் பனையோலையால் மூடிவிடுவது எங்கள் வழக்கம். வானம் கறுத்துக் கிடக்க, நான் அளத்துக்குப் போய், "ஓலையெல்லாம் பிரிங்கலே" என்றேனாம். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. "அண்ணாச்சி சொன்னா காரணம் இருக்கும்" என்று மேஸ்திரியும் பிரித்துவிட்டார். நாற்பது வருஷமாக எதிர்ப்பேச்சு பேசவிடாமல் நான் பழக்கிவைத்த லட்சணம். சாயங்காலமே மழை கொட்டிவிட்டது.

"வயசாயிட்டுல்லாம்மா, மறதிதான்" என்றான் மகன். என் மனைவி விடவில்லை.

"மறதி நாலே நாள்லயாலே வரும்? என்னையப் பாத்து, யாரும்மா நீங்கன்னு கேக்காரு. காரை எடு."

மதுரையில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் இல்லை. அதை விரட்டப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பி மூளையைத் தாக்குகிறது, அபூர்வமாக இப்படி வரும் என்றார் டாக்டரம்மா. மருந்து உண்டு; பழைய ஆளாக வருவேனா என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணினார்கள். "நான் யாரு, சொல்லுங்க" என்று என் மனைவி தினமும் கேட்பாளாம். நான் முழிப்பேனாம்.

ஒரு காலையில் அவள் கஞ்சி ஊட்டினாள். இது எனக்கே ஞாபகம் இருக்கிறது. "ஏளா, எத்தனை நாளா இதே சேலையில இருக்க?" என்றேன்.

"ஆமா, உங்கள இங்கன போட்டுட்டு நான் சேலை மாத்தப் போவேன்!" என்று ஏசிக்கொண்டே அழுதாள்.

டாக்டரம்மா வந்து கேட்டதற்கு ஊர், தெரு, பிள்ளைகள் பெயர் எல்லாம் சொன்னேன். கிழமை மட்டும் தப்பு.

"அது நல்லா இருக்கும்போதே அவருக்குத் தெரியாது, டாக்டர்" என்றாள் என் மனைவி.