அறுபத்து நான்கு பைட்டில் ஒரு கல்யாணம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரிப்பேரான பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். உண்மையில், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தில், வட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பகுதியைச் செப்பனிடுகிறவன் நான்.

அந்தப் பகுதியில் ஓர் ஊதாரித்தனம் இருந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் எழுதிக் காட்ட நான்கு கிலோபைட், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் பைட், மெமரி கேட்டு வாங்கும். காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த பெயருக்கு மறுபடி போய்க் கேட்கும். டம்ளர் டீக்கு அண்டா வாடகை எடுப்பது, அதுவும் டம்ளருக்கு ஓர் அண்டா. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அறுபத்து நான்கு பைட்டில் ஒரு சின்னப் பாத்திரம், எல்லாப் பெயருக்கும் அதுவே போதும் என்று ஒரு திருத்தம், எங்கள் பாஷையில் பேட்ச், எழுதி அனுப்பினேன்.

அதைப் பரிசீலித்தவர் ஏதோ குளிர் தேசத்துக்காரர். முகம் தெரியாது, கடிதம்தான். நான் அதற்கு முன் அனுப்பிய ஐந்து பேட்சுகளையும் திருப்பி அனுப்பிய புண்ணியவான். வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் நொட்டைக்காரர். இந்த முறை ஒரே வரி: "பெயர் அதைவிட நீளமாக இருந்தால்?"

"மிச்சத்தை வெட்டிவிடும். அறுபத்து நான்கு எழுத்தில் எவன் பெயர் வைக்கிறான்?" என்று கொஞ்சம் மரியாதை பூசிப் பதில் எழுதினேன்.

"அவ்வளவு நம்பிக்கை இருந்தால் உன் சொந்தக் கணினியில் ஒரு வாரம் ஓட்டு" என்றார். ரோஷம் வந்துவிட்டது. ஓட்டினேன்.

என் கணினியில் என் மனைவியின் புடவைப் படங்களும் இருந்ததை அந்த ரோஷத்தில் மறந்துவிட்டேன். அவள் பிறந்த வீடு இளம்பிள்ளை. அங்கே தறியிலிருந்து இறங்கும் புடவைகளைப் போனிலேயே விற்கிறாள். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம், அவளுக்கு முதல் பெரிய ஆர்டர். மாப்பிள்ளை வீட்டு உறவு முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு புடவை. யாருக்கு எது என்பது ஃபைல் பெயரில் மட்டும்தான் இருந்தது, வேறெங்கும் எழுதவில்லை. அத்தைக்குரியது பெரியம்மாவுக்குப் போய்விட்டால் அந்தக் கல்யாணத்தில் பந்தியைவிடப் பஞ்சாயத்துதான் நீளமாக நடக்கும். அன்று சாயங்காலத்துக்குள் படங்களை அனுப்பிச் சரி வாங்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க. என்னத்தப் பண்ணி வெச்சீங்க?"

திரையில் முப்பத்திரண்டு ஃபைல். முப்பத்திரண்டுக்கும் ஒரே பெயர்: 'திருச்செங்கோடு கல்யாணம'. கடைசி மகரத்தின் புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை. எதைத் தட்டினாலும் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "ஏஞ்சாமி, போட்டோ இன்னும் வருலயே? எல்லாரும் பாக்கறக்கு உக்காந்திருக்கறாங்க."

"இதா அனுப்பறனுங்க அம்மா, நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்குதுங்க" என்று என் மனைவி தேனாகப் பேசினாள். பேசும்போது என்னைப் பார்த்த பார்வையில் தேன் இல்லை.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்றால் மூன்று, அதற்குப் புள்ளியோ கொம்போ சுழியோ வைத்தால் இன்னொரு மூன்று. திருச்செங்கோடு என்ற ஏழு எழுத்துக்கே நாற்பத்திரண்டு பைட் போய்விடுகிறது. மாப்பிள்ளை, பெரியம்மா, அரக்குக் கலர் எல்லாம் பாத்திரத்துக்கு வெளியே.

என் பேட்சைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி துவக்கினேன். அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கும்பிட்டேன். பெயர்கள் முழுசாக வந்தன. வட்டில் அவை பத்திரமாகத்தான் இருந்திருக்கின்றன, படிக்கும்போது என் பாத்திரம்தான் வெட்டியிருக்கிறது. மனைவி படங்களை அனுப்பினாள். ஐந்தரைக்கு அங்கிருந்து சரி வந்தது.

நொட்டைக்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். முழு நீளப் பெயரும் கொள்ளுமளவு பாத்திரம், ஆனால் தொடக்கத்தில் ஒரே முறை வாங்கிக் கடைசியில் திருப்பிக் கொடுப்பது என்று பேட்சையும் மாற்றினேன். அண்டாதான், ஆனால் ஒரே அண்டா. ஏற்றுக்கொண்டார். கூடவே இரண்டு கேள்வி. "பேட்சில் பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரையும் சேர்க்க வேண்டும், யார் அது?" என்பது ஒன்று. "இது உன் தாய்மொழிதானே, ஏன் அதில் நீ சோதிக்கவில்லை?" என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு என் பழைய சோதனைகளைப் புரட்டினேன். மாதக்கணக்கில் test1, test2 என்றே பெயர் வைத்துச் சோதித்திருக்கிறேன். என் பெயரைக்கூட நான் ஒருநாளும் தமிழில் அடித்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

முதல் கேள்வியை மனைவியிடம் கொண்டுபோனேன். அவள் பெயர் புள்ளி வைத்த எழுத்தில் முடியும்.

"தமிழ்லயே போடுங்க" என்றாள். "புள்ளியோட நிக்குதான்னு ஒருக்கா பாத்துட்டு அனுப்புங்க."

பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.