மாமனாருக்கு ஊதிய மூச்சு

என் கொழுந்தனார் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிட அளந்துவிடுவதில் கெட்டிக்காரர். அதனால் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், மூச்சு நின்றவர் வாயில் வாய் வைத்து ஊதினால் பிழைப்பார் என்று டாக்டர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருப்பதாக அவர் சொன்னபோது நான் நம்பவே இல்லை. குப்புறப் போட்டு முதுகை அமுக்கும் பழைய முறையில் காற்று சரியாக உள்ளே போவதில்லையாம். நாம் வெளியே விடும் மூச்சிலேயே ஓர் உயிருக்குப் போதுமான காற்று மிச்சமிருக்கிறதாம். தலையணையை மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். தலையணைக்கு ஏது மூக்கு என்று கேட்டேன்.

"நெசம்தான் லா, அண்ணி" என்றார்.

மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு பட்டாலே எச்சில் என்று கழுவிவைக்கச் சொல்வார்.

ஜாலான் புசார் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், மாமனார் குளித்துவிட்டு ஈரக்கையோடு மேசை ஃபேனைத் தொட்டார்; கரண்டு பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். சரிந்து விழுந்தார். நெஞ்சு அசையவில்லை, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மாமியாரோ வலிப்பென்று நினைத்து, இரும்பு பட்டால் தெளியும் என்று சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்.

மாமனார் எதிரில் நான் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. அந்த மனிதரின் மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்தேன். இது மட்டும் புளுகாக இருந்தால் கொழுந்தனாரைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே ஊதினேன். நெஞ்சு எழும்பியது. மாமியார் என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

"அடியே, அவர என்னடி பண்றே?"

கையைத் தட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப ஊதினேன். கடைசியில் அவர் இருமினார்.

மாமியார் என்னைத் தலைமுழுகச் சொன்னார். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாதென்றார். சாவிதான் காப்பாற்றியது என்று மாமனாரிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு மாமனாருக்குக் காப்பி கொண்டுபோனால்கூட, மாமியார் இடையில் வந்து டம்ளரை வாங்கிக்கொள்வார். கள்ளியைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்த்தார்.

பல மாதம் கழித்து, ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டே தலைநிமிராமல் கேட்டார்.

"எனக்கு அப்படி ஆச்சுன்னா, எனக்கும் ஊதுவியா?"

"ஊதாம விட்ருவேனா, அத்தே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பவில்லை.