மலையம்மாளும் கண்மாய்ச் சேறும்

மலையம்மாள் என் பெரியம்மா மகள். கட்டியது சொந்தத் தாய்மாமன் கர்ணனை. எனக்கும் அவர் தாய்மாமன்தான். அக்காளைக் கட்டியதால் மச்சான் முறையும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் நான் கூப்பிட்டது மாமா என்றுதான்.

தேவாரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு செங்கல் சூளை இருந்தது. கல்யாணமான மறுவாரமே அக்காள் அங்கே மண் மிதிக்கப் போனாள். ஊறப்போட்ட மண்ணைக் கல் அறுக்கிற பதத்துக்குக் காலால் மிதித்துக் கொடுக்கிற வேலை. மூன்று பிள்ளை பெற்றாள். ஒவ்வொரு பேறுகாலத்துக்கும் மூன்று மாதம் நின்றாள், மற்ற நாளெல்லாம் மிதித்தாள். எனக்காவது கையெழுத்துப் போடத் தெரியும், அவளுக்கு அதுவும் கிடையாது. ஆனால் மண்ணில் கால் வைத்ததும், இது நேற்று மிதித்து ஆறப்போட்டது, இது இன்னும் கால் படாதது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இறுகித்தான் கிடக்கும். நேற்று மிதித்தது பத்து மிதியில் இளகும். கால் படாதது அரைப்பொழுது வாங்கும். இதெல்லாம் சூளைக்காரர் பழக்கம் என்று நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எழுபத்துமூன்றாம் வருஷம், ஆனி மாதம். கண்மாய் வற்றி, ஊரே வண்டல் அள்ளி வயலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலையில் மழை என்று கேட்டதும், தண்ணீர் வருவதற்குள் இன்னும் நாலு கூடை அள்ளிவிடலாம் என்று மாமா காலையிலேயே இறங்கினார். முந்தின நாள் பூராவும் மாட்டுவண்டிகள் போன தடம். விடிவதற்குள் காய்ந்து மேலே ஓடு கட்டியிருந்தது. வண்டியையே தாங்கிய இடம் ஆளைத் தாங்காதா என்று நடந்தார். ஏழெட்டு எட்டில் இடுப்புவரை உள்ளே போய்விட்டார்.

உதற உதற இறங்கினார். பயந்துபோய் அசையாமல் நின்றார். சேறு இறுகிப் பிடித்துக்கொண்டது. கரையில் ஆடு மேய்த்த அம்மாவாசி அண்ணனும், வண்டல் அள்ள வந்திருந்த நாங்கள் மூன்று பேரும் அவர் கக்கத்தில் வடத்தைக் கட்டி இழுத்தோம். இடுப்பு ஒடிகிறது என்று அலறினாரே தவிர, ஒரு விரற்கடை மேலே வரவில்லை. அதற்குள் வாய்க்கால் முனையில் செவேலென்று தண்ணீர் தலைகாட்டியது. மலைத்தண்ணீர், அடைக்க மடை கிடையாது. அவர் நின்றதோ பள்ளம். சற்று நேரத்தில் தலைக்கு மேலே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அலறல் கேட்டுச் சூளையிலிருந்து அக்காள் ஓடிவந்தாள். தோளில் இரண்டு பலகை, கையில் மூங்கில் கம்பும் ஒரு வாளித் தண்ணீரும். முதலில் வடத்தைத் தளர்த்தச் சொன்னாள்.

“வண்டி போன தடமாச்சே ஆத்தா, அங்கன எப்படி ஆள உள்ள வாங்குச்சு?” என்றார் அம்மாவாசி அண்ணன்.

“வண்டி போனதுனாலதேன் வாங்கிருச்சு. நேத்துப் பூராம் மிதிபட்ட சேறுண்ணே, மேலாக்கத்தேன் காஞ்சிருக்கு. நீங்க கால்படாத பக்கமாப் போய் நில்லுங்க.”

நாங்கள் அந்தப் பக்கம் மாறினோம். கரம்பு நிலம்போல அது எங்களைத் தாங்கியது. அக்காள் பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்து, மாமாவின் வலது காலை ஒட்டிக் கம்பை இறக்கி ஆட்டத் தொடங்கினாள். இடையிடையே அந்த இடுக்கில் தண்ணீர் ஊற்றினாள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. மாமாவுக்கு அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை.

“கலியாணத்தன்னிக்குக்கூட என் காலத் தொட்டுக் கும்பிடாதவ, இன்னிக்கு வந்து பிடிக்கிறா பாரு.”

“பேச்சக் கொறச்சுக் கால ஆட்டுங்க மாமா,” என்றாள் அக்காள்.

வலது கால் இளகி அவர் ஒரு சாண் எழும்பியதும், சந்தோஷத்தில் நாங்கள் அவள் சொல்லுமுன்பே இழுத்துவிட்டோம். அவர் முகம் குப்புறச் சேற்றில் விழுந்து மூச்சடைத்துப் போனார். நிமிர்த்தித் துடைத்து, மூச்சுத் திரும்புவதற்குள் சேறு மறுபடி இரண்டு காலையும் கவ்விக்கொண்டது. தண்ணீர் பலகையைத் தொட்டுவிட்டது. இனி அவ்வளவுதான் என்று நான் வடத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

“எடுடா அத,” என்றாள் அக்காள். “ஒருக்கா இளகுன சேறு மறுக்காச் சீக்கிரம் இளகும். நான் சொல்றவரைக்கும் இழுக்காதீக.”

அப்படித்தான் ஆனது. முன்பு அத்தனை நேரம் வாங்கிய வலது கால், இப்போது பத்துப் பன்னிரண்டு ஆட்டில் இளகியது. அதை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, இடது காலுக்குக் கம்பை மாற்றினாள். தண்ணீர் மாமாவின் நெஞ்சுக்கு வந்திருந்தது. அக்காள் தன் தாடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையால் மட்டும் சேற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப இழுங்க.”

வாழைக்குருத்தை உருவுவதுபோல உருவிக்கொண்டு வந்தார். எழுந்து நிற்கப் பார்த்தவரை அதட்டி, படுத்தபடியே உருண்டு வரச் சொன்னாள். அத்தனை பெரிய உடம்பு குழந்தைபோல உருண்டு வந்து, எங்கள் காலடியில் கிடந்து அழுதது.

அவர் நின்ற இடத்தில் செந்தண்ணீர் ஒரு சுழி சுழித்து மட்டமானது. நாலு ஆண்பிள்ளைகள் இழுத்து அசையாத சேறு, ஒருத்தியின் மூங்கில் கம்புக்கு வழிவிட்டுவிட்டு அடியில் மறுபடி இறுகிக்கொண்டிருந்தது. பலகையைத் தள்ளிக்கொண்டு அக்காள் வந்துகொண்டிருந்த அந்தத் திசையைப் பார்த்து அம்மாவாசி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். மண்ணையா, அக்காளையா என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் கும்பிட்டேன்.